உயிரியல் முனைவர் பட்டம்: இந்த டிசம்பரிலேயே விண்ணப்பிப்பதா, ஓராண்டு பொறுப்பதா?

புக்கிட் பாத்தோக் மாணவி

அனைவருக்கும் வணக்கம். சிங்கப்பூர்ப் பல்கலைக்கழகம் ஒன்றில் உயிர் அறிவியல் நான்காம் ஆண்டு படிக்கிறேன். வரிக்குதிரை மீனின் கருவில் ஒரு மரபணுவை அடக்கினால் இதயம் உருவாவதில் என்ன மாறுகிறது என்பதை ஆராயும் ஆய்வகத்தில், ஆகஸ்ட் மாதத்திலிருந்து இறுதியாண்டுத் திட்டப்பணி செய்து வருகிறேன். டிசம்பரில் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களுக்கு முனைவர் பட்டத்திற்கு விண்ணப்பிக்கலாம் என்பது என் எண்ணம். இங்கேயே படிப்பதையும், அரசின் ஆய்வு அமைப்பான ஏ-ஸ்டாரின் உபகாரச் சம்பளத்திற்கு விண்ணப்பிப்பதையும் நான் ஒதுக்கிவிடவில்லை.

மதிப்பெண்கள் நன்றாகவே இருக்கின்றன, ஆனால் வகுப்பின் முதல் சிலரில் நான் இல்லை. ஆய்விதழ்க் கட்டுரை எதிலும் என் பெயர் இதுவரை வரவில்லை. இந்நிலையில் இவ்வாண்டே விண்ணப்பிப்பது பொருத்தமா, அல்லது பட்டம் பெற்றபின் ஓராண்டு ஆய்வு உதவியாளராக இருந்துவிட்டு விண்ணப்பிப்பது நல்லதா? நேர்காணலில் உண்மையில் எதைக் கேட்கிறார்கள்? பிணைப்புள்ள, அதாவது படித்து முடித்தபின் திரும்பி வந்து வேலை செய்தாக வேண்டிய உபகாரச் சம்பளத்தை ஏற்கலாமா? வீட்டில் இதைப் பற்றிப் பேச ஆளில்லை. முனைவர் பட்டம் என்றால் இன்னும் ஐந்தாறு ஆண்டுகள் கட்டணம் கட்டிப் படிப்பது என்றே பெற்றோர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

ஈஸ்ட் ஆய்வர்

பெற்றோரின் கவலையை முதலில் தீர்த்துவிடுங்கள். அமெரிக்காவில் உயிரியல் முனைவர் பட்டத்திற்குச் சேரும் மாணவரின் கல்விக் கட்டணத்தையும் மருத்துவக் காப்புறுதியையும் பல்கலைக்கழகமே ஏற்றுக்கொண்டு, வாழ்க்கைச் செலவுக்கும் உதவித்தொகை தருவதுதான் அங்கே வழக்கம். உங்கள் கையிலிருந்து போவது விண்ணப்பக் கட்டணம். ஓர் இடத்திற்கு ஏறத்தாழ 100 அமெரிக்க டாலர் என்று வைத்துக்கொள்ளுங்கள், பத்து இடங்களுக்குப் போட்டால் 1,300 சிங்கப்பூர் வெள்ளியை ஒட்டி வந்துவிடும். ஜிஆர்ஈ என்ற பட்டமேற்படிப்பு நுழைவுத் தேர்வை உயிரியல் துறைகளில் பெரும்பாலானவை கைவிட்டுவிட்டதால் அந்தச் செலவு இப்போது மிச்சம்.

ஆனால் இந்த உதவித்தொகை எந்தப் பையிலிருந்து வருகிறது என்று பார்த்துவிட்டுத்தான் பட்டியல் போட வேண்டும். அமெரிக்கத் தேசிய சுகாதாரக் கழகங்கள் முனைவர் பட்ட மாணவர்களுக்காகப் பல்கலைக்கழகங்களுக்குத் தரும் பயிற்சி மானியம் அந்நாட்டுக் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் மட்டுமே உரியது. தேசிய அறிவியல் அறக்கட்டளையின் பட்டதாரி ஆய்வு உதவித்தொகையும் அப்படியே. ஆகவே முதலாண்டுச் செலவைப் பயிற்சி மானியத்திலிருந்து எடுக்கும் துறை, சிங்கப்பூரிலிருந்து வரும் ஒருவரைச் சேர்க்க வேறொரு பணத்தைத் தேடியாக வேண்டும். கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் வளாகங்களில் இன்னொரு சுமையும் உண்டு: வேறு மாநிலத்து அமெரிக்க மாணவர் ஓராண்டில் அம்மாநிலவாசி ஆகிக் குறைந்த கட்டணத்திற்கு மாறிவிடலாம், வெளிநாட்டவர் அப்படி மாற முடியாது, அந்தக் கூடுதல் கட்டணம் துறையின் தலையில்தான் விழும். தரத்தில் உங்களைவிடப் பின்தங்கிய ஒருவருக்கு அங்கே இடம் கிடைத்து உங்களுக்குக் கிடைக்காமல் போனால் மனமுடைந்து போகாதீர்கள்.

விண்ணப்பிக்குமுன் ஒவ்வொரு துறையின் மாணவர் பக்கத்தையும் திறந்து, இப்போது படிப்பவர்களில் இளநிலைப் பட்டத்தை வெளிநாட்டில் பெற்றவர்கள் எத்தனை பேர் என்று பாருங்கள். ஒருவர்கூடத் தென்படாவிட்டால் அந்த 100 டாலரை உங்கள் அம்மாவிடம் கொடுத்துவிடலாம். 2025-இல் தேசிய சுகாதாரக் கழகங்களின் நிதியில் ஏற்பட்ட குழப்பத்தால் பல துறைகள் சேர்க்கையைக் குறைத்துக்கொண்டன. மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தின் சான் மருத்துவப் பள்ளி, தருவதாகச் சொல்லியிருந்த இடங்களையே அந்த ஆண்டு திரும்பப் பெற்றுக்கொண்டது. எனவே அமெரிக்காவை மட்டும் நம்பிப் பட்டியல் போடுவதை நான் ஆதரிக்க மாட்டேன்.

ஓராண்டு பொறுப்பதைப் பற்றி என் கருத்து உறுதியானது. நம் கல்வியாண்டு ஆகஸ்டில் தொடங்குகிறது, இறுதியாண்டுத் திட்டப்பணி ஏப்ரலில்தான் முடிகிறது. டிசம்பர் முதல் வாரத்தில் விண்ணப்பம் போகும்போது உங்கள் பேராசிரியருக்கு உங்களை நான்கு மாதமாகத்தான் தெரியும், அதிலும் பாதி நாள் நுண்ணூசி போடக் கற்றுக்கொள்வதிலேயே போயிருக்கும். அதற்கு முந்தைய ஆண்டுகளிலேயே அந்த ஆய்வகத்தில் வேலை செய்திருந்தால் கதை வேறு.

கழிமுகம்

ஈஸ்ட் ஆய்வர் சொன்னது மூலக்கூறு உயிரியலுக்கும் உயிரணு உயிரியலுக்கும் பொருந்தும். சூழலியல், பரிணாமவியல் பக்கம் போகிறவர்கள் இதே இழையைப் படித்து ஏமாந்துவிடக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன்.

மூலக்கூறு உயிரியலில் பல துறைகள் ஒன்றுசேர்ந்து நடத்தும் பெரிய திட்டங்களில் ஒரு குழு உங்களைத் தேர்ந்தெடுக்கும். முதலாண்டில் பெரும்பாலும் மூன்று ஆய்வகங்களில் சில வாரங்கள் வீதம் சுழற்சியில் இருந்து பார்த்துவிட்டு, அதன்பின் ஒன்றில் சேர்வீர்கள். சூழலியலில் அப்படியன்று. ஒரு குறிப்பிட்ட பேராசிரியர் உங்களை எடுத்துக்கொள்ள இசைந்தால்தான் விண்ணப்பமே நகரும். செப்டம்பர், அக்டோபரிலேயே அவருக்கு மின்னஞ்சல் எழுதி, அடுத்த ஆண்டு மாணவர் சேர்க்கிறாரா என்று கேட்டாக வேண்டும். பிரிட்டனில் பல திட்டங்களும் ஆஸ்திரேலியாவும், நம்மூர்ப் பல்கலைக்கழகங்களின் பெரும்பாலான துறைகளும் இந்த வகையில் சேர்ந்தவையே.

அந்த மின்னஞ்சல் கைப்பேசித் திரையில் ஒருமுறை தள்ளிப் படித்து முடிக்கும் அளவில் இருக்கட்டும். சுங்கை பூலோ சதுப்புநிலத்தில் நீங்கள் எதை அளந்தீர்கள், அது அவருடைய எந்தக் கேள்வியைத் தொடுகிறது, எந்த ஆண்டு சேர விரும்புகிறீர்கள் என்பவை போதும். 'தங்களின் மகத்தான ஆய்வுகளால் ஈர்க்கப்பட்டேன்' என்ற வரியை அவர் அன்று காலையிலேயே பலமுறை படித்திருப்பார்.

புக்கிட் பாத்தோக் மாணவி

இருவருக்கும் மிக்க நன்றி. இரண்டாமாண்டு விடுமுறையில் இதே ஆய்வகத்தில் சில மாதங்கள் வேலை செய்திருக்கிறேன், ஆகவே என்னை அவர்களுக்கு ஓரளவு முன்பே தெரியும். ஆனால் அன்றாடம் என்னுடன் நிற்பவர் முனைவர் பட்டத்திற்குப் பிந்தைய ஆய்வாளர் ஒருவர். பேராசிரியரை வாராந்தரக் கூட்டத்தில்தான் பார்க்கிறேன். பரிந்துரைக் கடிதம் யாரிடம் கேட்பது? விண்ணப்பத்துடன் தரும் நோக்கக் கட்டுரையில் சிறுவயதிலிருந்தே எனக்கு அறிவியலில் இருந்த ஆர்வத்தைப் பற்றி ஒரு பத்தி எழுதியிருக்கிறேன், அது இருக்கலாமா?

ஒன் நார்த்வாசி

அமெரிக்காவில் முனைவர் பட்டம் முடித்து, இப்போது இங்குள்ள பயோபொலிஸ் ஆய்வு வளாகத்தில் வேலை பார்க்கிறேன். அங்கே மாணவியாக இருந்தபோது நேர்காணலுக்கு வருபவர்களை வரவேற்கும் குழுவில் இருந்திருக்கிறேன். இங்கே வந்தபின் தேர்வுக் குழுவிலும் உட்கார்ந்திருக்கிறேன். அந்த முறையில் சிலவற்றைச் சொல்கிறேன்.

கடிதத்தில் பேராசிரியரின் கையொப்பம் வேண்டும், ஆனால் உள்ளே இருக்க வேண்டியது அந்த ஆய்வாளருக்குத் தெரிந்த செய்தி. அவர் ஒரு வரைவு எழுதிக் கொடுக்க, பேராசிரியர் அதைத் தம் கருத்துடன் சேர்த்து எழுதுவதும், சில இடங்களில் இருவரும் கையொப்பமிடுவதும் நடைமுறையில் உண்டு. இருவரையும் ஒன்றாக உட்கார வைத்துக் கேட்டுவிடுங்கள். மூன்று கடிதங்களில் இரண்டாவது உங்களை ஆய்வகத்தில் பார்த்த ஒருவரிடமிருந்தே வந்தால் நல்லது. 'என் பாடத்தில் முதல்தர மதிப்பெண் பெற்றார், நற்பண்பு மிக்கவர்' என்று முடிந்துவிடும் கடிதம் மதிப்பெண் பட்டியலில் உள்ளதையே திருப்பிச் சொல்கிறது. அதனால் கெடுதல் இல்லை, பயனும் இல்லை.

சிறுவயது ஆர்வத்தை எடுத்துவிடுங்கள். தேர்வுக் குழுவில் இருப்பவர் இரவு உணவுக்குப்பின் உட்கார்ந்து விண்ணப்பங்களை அடுக்கடுக்காகப் படிக்கிறார். அவர் தேடுவது ஒன்றைத்தான்: இந்த மாணவி தாம் செய்த சோதனையை ஏன் செய்தார் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறதா? என்னென்ன உத்திகளைக் கற்றீர்கள் என்ற பட்டியலைவிட, எதிர்பார்த்த விளைவு வராத ஒரு வாரத்தில் நீங்கள் எதைச் சந்தேகித்தீர்கள், அடுத்து எதை மாற்றிப் பார்த்தீர்கள் என்ற ஒரு பத்தி உங்களை நன்றாக எடுத்துக்காட்டும்.

இப்போது நேர்காணல். பெரும்பாலும் ஒவ்வொரு பேராசிரியருடனும் தனித்தனியே அரை மணி நேரம். நான்கைந்து பேர் இருப்பார்கள். பிரிட்டனில் ஒரே குழுவின்முன் சில நிமிடம் விளக்கம் தந்துவிட்டுக் கேள்விகளுக்குப் பதில் சொல்லும் முறை அதிகம். இரண்டிலும் எடுத்த எடுப்பில் வருவது 'உங்கள் ஆய்வைப் பற்றிச் சொல்லுங்கள்' என்பதே. இரண்டு நிமிடத்தில் சொல்லி நிறுத்துங்கள், அவர் குறுக்கிட்டுக் கேட்கட்டும். பெரியவர் பேசும்போது எதிர்வாதம் செய்யக் கூடாது என்று வளர்க்கப்பட்ட நம் பிள்ளைகள் பலர், பேராசிரியர் வேண்டுமென்றே தவறாக ஒன்றைச் சொல்லிப் பார்க்கும்போதும் தலையாட்டிவிடுகிறார்கள். அவர் அங்கே எதிர்பார்ப்பது மறுப்பைத்தான்.

உங்கள் மீனையே எடுத்துக்கொள்வோம். நான் குழுவில் இருந்தால் உரையாடல் இப்படித்தான் போகும். "மரபணுவை எப்படி அடக்கினீர்கள்?" மரபணுவின் தூது ஆர்என்ஏவில் ஒட்டி அதன் வேலையைத் தடுக்கும் மார்ஃபொலினோவை, கரு ஓரணு நிலையில் இருக்கும்போது நுண்ணூசியால் செலுத்தினேன் என்பீர்கள். "என்ன பார்த்தீர்கள்?" இதயத்தைச் சுற்றி நீர் கோத்திருந்தது. "நஞ்சுத்தன்மையுள்ள எதைச் செலுத்தினாலும் அந்தக் கருவுக்கு இதயத்தைச் சுற்றி நீர் கோக்குமே, இது உங்கள் மரபணுவால்தான் என்று எப்படி நம்புகிறீர்கள்?" இங்கேதான் பலர் மென்று விழுங்குகிறார்கள். மார்ஃபொலினோ சில வேளைகளில் பி53 என்ற புரதத்தின் வழியைத் தூண்டி உயிரணுக்களைச் சாகடிக்கும் என்பது 2007-இலேயே விரிவாகக் காட்டப்பட்டது. மார்ஃபொலினோ ஒட்ட முடியாதபடி மாற்றிய தூது ஆர்என்ஏவைச் சேர்த்துச் செலுத்தி இதயம் சீரானதா என்று பார்த்தேன் என்றால் அது ஒரு நல்ல விடை. இன்னும் பார்க்கவில்லை, ஜனவரியில் செய்வதாக இருக்கிறேன் என்றாலும் நல்ல விடையே.

அடுத்த கேள்வி இதைவிடக் கடினம். "கிரிஸ்பர் என்ற மரபணு வெட்டும் முறையில் அதே மரபணுவை நீக்கிய மீன்களில் இதயம் நன்றாக இருந்தால் என்ன முடிவுக்கு வருவீர்கள்?" அப்படியானால் என் விளைவு பொய் என்று உடனே சரணடைந்துவிடுபவரும் உண்டு, சோதனையில் ஏதோ பிழை என்று கையை விரிப்பவரும் உண்டு. முதல் சில நாள்களுக்குத் தாயிடமிருந்து முட்டையில் வந்த தூது ஆர்என்ஏ குறையை மறைத்திருக்கலாம். மரபணு பழுதான மீனில் அதன் உறவு மரபணுக்கள் கூடுதலாக இயங்கி ஈடுசெய்வதும் 2015-இல் காட்டப்பட்டிருக்கிறது. இவற்றைப் பிரித்தறிய, அந்தப் பழுதுற்ற மீனின் கருவிலேயே அதே மார்ஃபொலினோவைச் செலுத்திப் பார்க்கலாம். அடக்குவதற்கு மரபணுவும் தாயின் தூது ஆர்என்ஏவும் இல்லாத கருவிலும் நீர் கோத்தால், குற்றவாளி மார்ஃபொலினோதான். இந்த இடத்திற்கு ஒரு மாணவி தானாகவே வந்து சேர்ந்துவிட்டால், அவருடைய மதிப்பெண் பட்டியலை யாரும் மறுபடி புரட்டிப் பார்க்க மாட்டார்கள்.

தெரியாததைப் பூசி மெழுகாதீர்கள். 'அதை நான் யோசிக்கவில்லை, ஆனால் யோசித்தால் முதலில் இதைத்தான் பார்ப்பேன்' என்று சொல்லிச் சிந்தனையை வெளியே ஓடவிடுங்கள். ஆய்வாளர் செய்த பகுதி எது, நீங்கள் செய்த பகுதி எது என்பதையும் கேட்குமுன்னரே பிரித்துச் சொல்லிவிடுங்கள்.

பிணைப்பில் இருந்தவன்

பிணைப்பைப் பற்றி யாரும் இன்னும் தொடவில்லை. ஏ-ஸ்டாரின் தேசிய அறிவியல் உபகாரச் சம்பளம் வெளிநாட்டில் முனைவர் பட்டம் படிக்கும் சிங்கப்பூரர்களுக்கானது. முழுச் செலவும் அதில் அடங்கும், திரும்பி வந்து வேலை செய்யும் கடப்பாடும் உண்டு. ஈஸ்ட் ஆய்வர் சொன்ன பணச் சிக்கலுக்கு இதுவே நேரான தீர்வு. சொந்தப் பணத்தோடு வரும் மாணவரைத் துறையும் பேராசிரியரும் வேறு கண்ணால் பார்க்கிறார்கள். அதனால் இடம் உறுதியாகிவிடும் என்று சொல்ல மாட்டேன், ஆனால் கதவில் ஒரு பூட்டு குறையும். படிப்பு முடிந்து வந்தபோது எனக்கு வேலை தேடும் பதற்றம் இருக்கவில்லை. நல்ல கருவிகள் உள்ள ஆய்வகத்தில் உடனே தொடங்கினேன். அறிவியலில் முனைவர் பட்டம் முடித்த எத்தனை பேருக்கு அது வாய்க்கிறது?

ஈஸ்ட் ஆய்வர்

உங்களுக்கு நன்றாக அமைந்ததில் மகிழ்ச்சி. ஆயினும் இருபத்திரண்டு வயதில் கையெழுத்திடுபவர், முப்பதைத் தாண்டியபின் எங்கே, எதில் இருப்பார் என்பதை அன்றே முடிவு செய்கிறார். அமெரிக்காவில் உயிரியலுக்கு ஐந்தரை, ஆறு ஆண்டுகள் சாதாரணம், அதற்குமேல் பிணைப்பு. வெளிநாட்டில் முனைவர் பட்டத்திற்குப் பிந்தைய ஆய்வு செய்ய வேண்டிய சரியான பருவம் அதற்குள் கரைந்துவிடலாம். கட்டாயத் தேசிய சேவையை முடித்துவிட்டுப் படிக்க வரும் இளைஞர்களுக்குக் கணக்கு இன்னும் இரண்டாண்டு தள்ளிப்போகும். முறித்துக்கொண்டால் இழப்பீடு கட்ட வேண்டும், இத்தகைய ஒப்பந்தங்களில் பிணைக் கையெழுத்துப் போடுபவர்கள் பொதுவாகப் பெற்றோரோ நெருங்கிய உறவினரோதான். என் நண்பர் ஒருவர் வேறொரு அமைப்பின் பிணைப்பில் இருந்தபோது, அவர் பயின்ற துறையை நடத்திய குழுவே கலைக்கப்பட்டு, தொடர்பே இல்லாத வேலைக்கு மாற்றப்பட்டார்.

ஒன் நார்த்வாசி

இருவர் சொல்வதும் நடப்பதுதான். ஆனால் மாணவியின் நிலையில், இங்கேயே படிப்பது ஏதோ கடைசி வழி என்பதுபோல் இழை நகர்வது எனக்குச் சரியாகப் படவில்லை. ஊட்ரமில் உள்ள டியூக்-என்யூஎஸ் மருத்துவப் பள்ளியின் முனைவர் பட்டத் திட்டத்தில் முதலாண்டு ஆய்வகச் சுழற்சி உண்டு. தெமாசெக் உயிர் அறிவியல் ஆய்வகம், மெக்கானோபயாலஜி ஆய்வுக்கழகம் ஆகியவற்றில் மாணவியாக இருந்தபடி என்யூஎஸ் எனப்படும் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தின் பட்டம் பெறலாம். மீன்களில் வேலை செய்பவருக்கு இங்கே குறைவே இல்லை: ஒளிரும் வரிக்குதிரை மீனை உருவாக்கியதே என்யூஎஸ் ஆய்வகம்தான், ஃபூகு மீனின் மரபணுத்தொகுதியை 2002-இல் வெளியிட்ட பன்னாட்டுக் குழுவில் நம் மூலக்கூறு, உயிரணு உயிரியல் கழகம் முன்னணியில் இருந்தது.

குறையும் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். இங்கே உதவித்தொகை பொதுவாக நான்காண்டுக்குத்தான். வரிக்குதிரை மீன் மூன்று மாதத்தில்தான் முதிர்ச்சி அடையும். ஒரு மரபணுவை நீக்கிய வம்சத்தை நிலைநிறுத்தவே ஓராண்டு ஓடிவிடும். சேரும்போதே அந்த வம்சம் தொட்டியில் இருக்கிறதா, இனிமேல்தான் உருவாக்க வேண்டுமா என்று கேளுங்கள்.

தெம்பனிஸ் அப்பா

குறுக்கிடுவதற்கு மன்னியுங்கள். என் மகனும் இந்த வழியில்தான் இருக்கிறான். வெளிநாட்டினர் இங்கே வந்து படிப்பதற்கு சிங்கா என்றொரு உதவித்தொகை இருப்பதாகக் கேள்விப்பட்டேன். நாங்கள் நிரந்தரவாசிகள் அல்லர், வேலை அனுமதியில் இருக்கிறோம். அவன் இங்கேதான் பட்டம் படிக்கிறான். அவனுக்கு அது பொருந்துமா?

கழிமுகம்

பொருந்தும், ஐயா. அது வெளிநாட்டு மாணவர்களுக்கென்றே உள்ளது. நான்காண்டு வரை உண்டு, பிணைப்பு கிடையாது. ஆனால் கல்விக் கட்டண மானியம் பெற்று இங்கே இளநிலைப் பட்டம் படிக்கும் வெளிநாட்டு மாணவருக்கு, பட்டத்திற்குப்பின் மூன்றாண்டு சிங்கப்பூர் நிறுவனத்தில் வேலை செய்யும் கடப்பாடு தனியே இருக்கும். மேற்படிப்புக்காக அதைத் தள்ளிவைக்க முடியுமா என்பதை மகன் விண்ணப்பிக்குமுன் தம் பல்கலைக்கழகத்தில் எழுத்துமூலம் கேட்டுக்கொள்ளட்டும்.

புக்கிட் பாத்தோக் மாணவி

ஒன் நார்த்வாசி அக்காவின் கேள்விகளை அச்செடுத்துப் போய், என் ஆய்வாளரை நேர்காணல் செய்யச் சொன்னேன். இரண்டாவது கேள்வியிலேயே திணறினேன். அவர் சிரித்துவிட்டு, தூது ஆர்என்ஏவைச் சேர்த்துச் செலுத்திப் பார்க்கும் மீட்புச் சோதனையை அடுத்த வாரமே தொடங்கலாம் என்றார். இரண்டாமாண்டு வேலையையும் சேர்த்துக் கடிதம் எழுதித் தருவதாகப் பேராசிரியரும் சொல்லியிருப்பதால், இந்த டிசம்பரில் நான்கு இடங்களுக்கு மட்டும் போட்டுவிட்டு, கிடைக்காவிட்டால் ஓராண்டு இங்கேயே வேலை பார்க்கலாம் என்று நினைக்கிறேன். இன்னும் இரண்டு கேள்விகள். நேர்காணல் இணையவழியில் நடந்தால் நேரம் எப்படி இருக்கும்? இங்குள்ள பல்கலைக்கழகம் பிப்ரவரியிலேயே இடம் தந்து பதில் கேட்டால், அமெரிக்க முடிவுக்காகக் காத்திருக்க முடியுமா?

ஒன் நார்த்வாசி

நான்கு இடங்கள் என்பது நல்ல முடிவு, தங்கையே. ஆய்வாளரை இன்னும் இரண்டு முறையாவது உங்களை வாட்டி எடுக்கச் சொல்லுங்கள்.

நேரம்தான் கொடுமை. ஜனவரி, பிப்ரவரியில் பாஸ்டன் நம்மைவிடப் பதின்மூன்று மணி நேரம் பின்னால். அவர்களுடைய காலை ஒன்பது முதல் மாலை ஐந்து வரை, நமக்கு இரவு பத்து முதல் விடியற்காலை ஆறு. கலிஃபோர்னியா என்றால் நள்ளிரவு ஒரு மணிக்குத்தான் தொடங்கும். பொங்கலும் சீனப் புத்தாண்டும் பெரும்பாலும் இதே பருவத்தில் வருவதால் வீட்டில் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். ஆசிய விண்ணப்பதாரர்களுக்கு அமெரிக்கக் காலை நேரத்தையே ஒதுக்கித் தருமாறு ஒருங்கிணைப்பாளரிடம் கேட்கலாம். நான் பார்த்தவரை யாரும் மறுத்ததில்லை. நடுவில் மாணவர்களுடன் பேச ஒரு மணி நேரம் தருவார்கள், தூக்கம் வருகிறது என்று அதை விட்டுவிடாதீர்கள். பட்டம் முடிக்க உண்மையில் எத்தனை ஆண்டு ஆகிறது, பேராசிரியரின் மானியம் தீர்ந்துபோனால் மாணவரை யார் தாங்குகிறார்கள், கடந்த சில ஆண்டுகளில் நடுவில் விலகியவர்கள் ஏன் விலகினார்கள் என்பவற்றை அவர்களிடம்தான் கேட்க முடியும்.

காத்திருப்பதைப் பற்றி: அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் பெரும்பாலானவை ஏப்ரல் 15 தீர்மானத்தில் கையெழுத்திட்டவை. உதவித்தொகையுடன் தரப்பட்ட இடத்திற்கு அந்தத் தேதிக்குமுன் பதில் சொல்லும்படி அவை உங்களை வற்புறுத்தக் கூடாது. இங்குள்ள பல்கலைக்கழகங்களுக்கு அது பொருந்தாது. பிப்ரவரியில் கடிதம் வந்தால், மற்ற முடிவுகள் ஏப்ரலில்தான் வரும் என்று வெளிப்படையாகச் சொல்லி அவகாசம் கேளுங்கள். பேராசிரியர் வழியாகக் கேட்டால் பலன் கூடுதல். அவகாசம் தர மறுத்தாலும், சேர்க்கையை ஏற்றுக்கொண்டு பின்னர் விலகுவது வருத்தத்தோடு முடிந்துவிடும் செயல். உபகாரச் சம்பள ஒப்பந்தத்தில் கையெழுத்திடுவது அப்படிப்பட்டதன்று, ஆகவே அதை மட்டும் எல்லா முடிவுகளும் கைக்கு வருமுன் போடாதீர்கள்.